ரஞ்சித்சிங்ஜி

ரஞ்சித்சிங்ஜி விபாஜி (செப்டம்பர் 10, 1872 - ஏப்ரல் 2, 1933) இங்கிலாந்து அணிக்காகத் தேர்வுத் துடுப்பாட்டம் (டெஸ்ட் கிரிக்கெட்) ஆடிய முதல் இந்தியர். கத்தியவார்ப் பகுதியில் இருந்த நவாநகர் சமத்தானத்தை 1907 முதல் 1933 வரை ஆண்ட மன்னரும் ஆவார். துடுப்பாட்ட உலகில் இவர் "ரஞ்சி" என்னும் சுருக்கப் பெயராலேயே அறியப்படுகிறார். இந்தியாவின் முதன்மையான உள்நாட்டு முதல்தரத் துடுப்பாட்டப் போட்டியான ரஞ்சிக் கோப்பை இவரது இயற்பெயரையோ அரச பட்டத்தையோ தாங்காமல், இங்கிலாந்தில் இவருக்கு வழங்கிய இச்செல்லப்பெயரையே தாங்கி நிற்கிறது. இவர் இந்திய அணிக்காக ஒரு போட்டியிலும் ஆடியதில்லை.

பெயர்

ரஞ்சித்சிங்ஜி என்னும் பெயர் மூன்று கூறுகளைக் கொண்டது. "ரஞ்சித்" என்பது போரில் வெல்பவன் என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு. "சிங்" என்பது சிங்கத்தைக் குறிக்கும். இறுதியில் வரும் "ஜி" மரியாதை விகுதி. இதனை ஆங்கிலேயர் "ரஞ்சி" எனக் குறுக்கியபோது முதற்கூறின் பாதியிலேயே வெட்டிவிட்டனர். எனவே "ரஞ்சி" என்பதில் உள்ள "ஜி" ஒலி மரியாதை விகுதி அன்று. "ஜித்" என்பதில் எஞ்சிய துண்டு மட்டுமே. இந்தியச் செவிகளுக்கு இது காந்திஜி, நேருஜி என்பன போல மரியாதையாக ஒலிப்பது தற்செயலானது.

பழைய ஆட்டப் பதிவேடுகளில் இவரது பெயர் "கே. எஸ். ரஞ்சித்சிங்ஜி" என்று காணப்படுகிறது. இதைப் பார்க்கும் தமிழ் வாசகர்கள் தந்தை பெயரின் முதலெழுத்து என்றோ ஊர்ப்பெயர் என்றோ எண்ணக்கூடும். ஆனால் இவ்விரு எழுத்துகளும் "குமார் சிறீ" என்னும் மதிப்புச் சொற்களின் சுருக்கமே. பின்னாளில் இவருடைய சகோதரர் மகன் துலீப்சிங்ஜியின் பெயருக்கு முன்னும் அதே இரண்டு எழுத்துகள் இடம்பெற்றன. ஊதியம் பெறாமல் ஆடுவோர் பெயர்களை முதலெழுத்துகளுடன் அச்சிடுவது அக்கால இங்கிலாந்தின் வழக்கம். ஊதியத்திற்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரின் பெயர் தனியே நிற்கும், அல்லது முதலெழுத்துகள் பெயருக்குப் பின்னால் தள்ளப்படும். ஆகவே பெயரின் முன் நின்ற இரண்டு எழுத்துகள் அவருடைய சமூகத் தகுதியையும் சேர்த்தே அறிவித்தன.

பிறப்பும் தத்தும்

இன்றைய குசராத்து மாநிலத்தின் ஜாம்நகர் மாவட்டத்தில் உள்ள சடோதர் என்னும் சிற்றூரில், ஜடேஜா இராசபுத்திரக் குடும்பத்தில் ரஞ்சித்சிங்ஜி பிறந்தார். தந்தை ஜீவன்சிங்ஜி ஒரு சிறு நிலக்கிழார். நவாநகரின் மன்னர் "ஜாம் சாகிப்" என அழைக்கப்படுவார். அப்போது அப்பதவியில் இருந்த விபாஜிக்கு ஏற்கத்தக்க வாரிசு இல்லை. தம் மகன் காலுபாவை அவர் உரிமையிலிருந்து நீக்கியிருந்தார். தம் உறவுக் கிளையிலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்தார். அச்சிறுவன் சில மாதங்களிலேயே இறந்துபோனான். அடுத்து 1878 இல் அதே குடும்பத்திலிருந்து தெரிவு செய்யப்பட்டவரே ஆறு வயது ரஞ்சித்சிங்ஜி.

இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. 1882 இல் விபாஜிக்கு அரண்மனைப் பெண்ணொருவர் வழியாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையான ஜஸ்வந்த்சிங்ஜியை வாரிசாக ஏற்குமாறு விபாஜி பிரித்தானிய அரசிடம் கேட்டுக்கொண்டார். 1884 இல் அரசு அதற்கு இசைந்தது. ரஞ்சித்சிங்ஜிக்குக் கல்விச் செலவும் உதவித்தொகையும் மட்டுமே எஞ்சின. இவர் பிற்காலத்தில் எழுப்பிய உரிமைக் கோரிக்கை முழுவதும் 1878 இல் நடந்த அந்தத் தத்தைச் சார்ந்தது. அரியணை ஏறியபின் தம் பெயரோடு பெற்ற தந்தையின் பெயரைச் சேர்க்காமல் விபாஜியின் பெயரைச் சேர்த்துக்கொண்டமைக்கும் இதுவே காரணம். வாழ்நாள் முழுவதும் இவருக்குப் பெயர் என்பது ஒரு சட்டச் சிக்கலாகவே இருந்தது எனலாம்.

ராஜ்கோட்டில் இளவரசர்களுக்கென்று நடத்தப்பட்ட ராஜ்குமார் கல்லூரியில் இவர் சேர்க்கப்பட்டார். அதன் முதல்வர் செஸ்டர் மெக்நாட்டன் கேம்பிரிட்ஜில் பயின்றவர். துடுப்பாட்டத்தை ஒழுக்கக் கல்வியின் ஒரு பகுதியாகக் கருதியவர். 1888 இல் மெக்நாட்டன் இவரையும் வேறு இரு மாணவர்களையும் இங்கிலாந்திற்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டு அங்குச் சுற்றுப்பயணம் வந்திருந்த ஆத்திரேலிய அணிக்கும் சரே அணிக்கும் நடந்த ஆட்டத்தைக் காணும் வாய்ப்பு இவருக்குக் கிட்டியது. அன்று நூறு அடித்தவர் சார்லசு டர்னர். இவர் பந்துவீச்சால் "டெரர்" (பயங்கரம்) என்று பெயர் பெற்றவர் என்பது வேடிக்கையான முரண்.

பட்டப்பெயர்களின் காலம்

டர்னருக்கு அமைந்தது போன்ற பெயர்கள் அக்காலத் துடுப்பாட்டத்தில் மலிந்திருந்தன. 1882 இல் ஓவல் திடலில் இங்கிலாந்தின் 14 இலக்குகளை (விக்கெட்டுகளை) வீழ்த்திய ஆத்திரேலியர் பிரெட் ஸ்போஃபோர்த் "அரக்கன்" ஆனார். குனிந்து நின்று மட்டையைப் பிடித்த கில்பர்ட் ஜெசப் "குனிபவர்" என்று பொருள்படும் "குரௌச்சர்" ஆனார். மருத்துவரான டபிள்யூ. ஜி. கிரேசுக்குத் தொழிலே பெயராயிற்று. அவரை "டாக்டர்" என்றால் போதும். செய்தித்தாள்கள் பெருகி, தொடர்வண்டியில் கூட்டம் கூட்டமாக மக்கள் ஆட்டம் காண வந்த காலம் அது. திடலின் மறுகோடியிலிருந்து உரக்கக் கூவுவதற்கு ஏற்ற குறும்பெயர் தேவைப்பட்டது.

மேற்கண்ட பெயர்கள் யாவும் ஆட்டக்காரர் செய்த ஒன்றிலிருந்து பிறந்தவை. ரஞ்சித்சிங்ஜிக்குக் கிடைத்த பெயர்களின் தோற்றம் வேறுவகை. அவை பெரும்பாலும் அவருடைய பெயரைச் சொல்ல இயலாதவர்களின் நாவிலிருந்து தோன்றியவை.

"ஸ்மித்" ஆன கேம்பிரிட்ஜ் ஆண்டுகள்

1889 இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த ரஞ்சித்சிங்ஜியை அங்கிருந்த மாணவர்கள் "ஸ்மித்" என்று அழைத்தனர். இங்கிலாந்தில் மிகவும் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர் இது. தமிழ்நாட்டில் முன்பின் தெரியாத ஒருவரை முருகன் என்றோ குமார் என்றோ கூப்பிடுவதற்கு ஒப்பானது. அதில் நட்பும் உண்டு. நாக்கு வளையாத பெயரைக் கற்றுக்கொள்ளும் முயற்சியே வேண்டாம் என்ற அலட்சியமும் உண்டு. அவர் இப்பெயருக்கு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. தனியாக வந்திருந்த ஓர் இந்திய மாணவனுக்கு அது உள்ளே நுழையும் கதவாகவும் பயன்பட்டது.

பல்கலைக்கழக அணியின் கதவு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. நகரத்துச் சிறு கழகங்களுக்காக இவர் ஓட்டங்களைக் குவித்துக்கொண்டிருந்தபோதும், அணித்தலைவர் எஃப். எஸ். ஜாக்சன் இவரைத் தேர்ந்தெடுக்கத் தயங்கினார். 1892-93 இல் ஹாக் பிரபுவின் அணியோடு இந்தியாவில் ஆடித் திரும்பிய பிறகே ஜாக்சனின் மனம் மாறியது. 1893 இல் கேம்பிரிட்ஜ் "நீலம்" பெற்று, அச்சிறப்பை அடைந்த முதல் இந்தியர் ஆனார் ரஞ்சித்சிங்ஜி. ஆக்சுபோர்டுக்கு எதிரான பெரிய ஆட்டத்தில் 9, 0 என்று குறைந்த ஓட்டங்களிலேயே ஆட்டமிழந்தார்.

வலைப்பயிற்சிக்கு இவர் செலவிட்ட நேரமும் பணமும் மாணவர் ஒருவரின் வசதிக்கு மீறியவை. டாம் ரிச்சர்ட்சன், லாக்வுட், ஜே. டி. ஹேர்ன் முதலிய முன்னணிப் பந்துவீச்சாளர்களைக் கூலிக்கு அமர்த்திப் பந்துவீசச் செய்தார். வேகப்பந்தைக் கண்டு வலக்கால் பின்வாங்குவதைத் தடுக்க, பயிற்சியாளர் டான் ஹேவர்ட் அக்காலைத் தரையோடு கட்டிவைத்தார். நகர முடியாத நிலையில், உடலை நோக்கி வரும் பந்தை மணிக்கட்டைத் திருப்பிக் கால்புறமாகப் பின்னால் ஓடவிடும் முறை இவருக்கு வசப்பட்டது. "லெக் கிளான்ஸ்" எனப்படும் அந்த அடியே பின்னர் இவருடைய முத்திரை ஆயிற்று. பட்டம் பெறாமலேயே 1894 இல் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். கடன்கள் மட்டும் கூடவே வந்தன.

சசெக்சும் "ரஞ்சி"யும்

1895 மே மாதத்தில் சசெக்ஸ் அணிக்காக இலார்ட்சு திடலில் எம்.சி.சி. அணிக்கு எதிராகக் களமிறங்கி, ஆட்டமிழக்காமல் 77 ஓட்டங்களும் அடுத்த ஆட்டப்பகுதியில் 150 ஓட்டங்களும் எடுத்தார். அவ்வாண்டிலேயே இவர் நாடறிந்தவர் ஆனார். "ஸ்மித்" என்ற பெயர் பழைய நண்பர் வட்டத்தோடு நின்றுவிட, "ரஞ்சி" என்பது செய்தித்தாள்களிலும் பொதுமக்கள் வாயிலும் நிலைபெற்றது. ஓட்டங்கள் பெருகப் பெருக, மக்கள் அவருடைய முழுப்பெயரையே சொல்விளையாட்டாக உடைத்து "ரன்-கெட்-சிங்ஜி" (ஓட்டம் எடுக்கும் சிங்ஜி) ஆக்கினர். அவருக்கு வாய்த்த பெயர்களுள் அவருடைய ஆட்டத்தைப் பற்றிப் பேசிய பெயர் இது ஒன்றே.

இவற்றோடு, பத்திரிகைகள் அவரை "இந்திய இளவரசர்" என்றும் எழுதின. இப்பெயர் மற்றவற்றைப் போல விளையாட்டான ஒன்றன்று. 1884 ஆம் ஆண்டு முடிவின்படி அவர் நவாநகரின் இளவரசர் அல்லர். உரிமை பெற்ற வாரிசு ஜஸ்வந்த்சிங்ஜி என்னும் சிறுவன். கத்தியவார்ப் பகுதியில் இருந்த பிரித்தானிய அதிகாரிகள் இதனை நன்கு அறிவர். இங்கிலாந்தின் வாசகர்களோ அறியார். ரஞ்சித்சிங்ஜி அப்பட்டத்தை மறுக்கவில்லை. கடைக்காரர்களும் வங்கியாளர்களும் இளவரசர் என்ற பெயரை நம்பியே கடன் கொடுத்தனர். பின்னாளில் அரியணைக்காக அவர் முறையிட்டபோது, இங்கிலாந்தின் மேல்தட்டு மக்கள் பலர் அவரை ஏற்கெனவே இளவரசராகவே அறிந்திருந்தனர். ஒரு பட்டப்பெயர் அரசியல் உரிமைக்கு ஆதரவு திரட்டிக் கொடுத்த அரிய நிகழ்வு இது. இந்த மங்கலான நிலையால் இழப்படைந்தது ஜஸ்வந்த்சிங்ஜியின் தரப்பே என்பதையும் சொல்லவேண்டும். அவருக்காகப் பேச இங்கிலாந்தில் ஆட்டத்திடல் எதுவும் இல்லை.

ஓல்டு டிராஃபர்டு, 1896

1896 இல் ஆத்திரேலிய அணி இங்கிலாந்து வந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு தேர்வுப் போட்டிக்கும் அது நடைபெறும் திடலின் நிருவாகமே இங்கிலாந்து அணியைத் தெரிவு செய்தது. இலார்ட்சில் நடந்த முதற்போட்டிக்கு ரஞ்சித்சிங்ஜி தெரிவு செய்யப்படவில்லை. அங்குச் செல்வாக்குடன் விளங்கியவர், 1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநராக இருந்த ஹாரிஸ் பிரபு. இங்கிலாந்தில் பிறவாதவர் இங்கிலாந்துக்கு ஆடலாகாது என அவர் கருதியதே காரணம் எனப் பரவலாக நம்பப்படுகிறது. ஹாரிசே ஆத்திரேலியக் கண்டத்தில் அல்லாவிடினும், மேற்கிந்தியத் தீவுகளின் டிரினிடாட்டில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இரண்டாம் போட்டியை நடத்திய இலங்காசயர் நிருவாகம் இவரை அழைத்தது. ஆத்திரேலியர்களுக்கு மறுப்பில்லை எனத் தெரிந்த பிறகே ஆட ஒப்புவதாக இவர் கூறினார். அவர்களின் தலைவர் டிராட் உடனே இசைந்தார். சூலை 16 அன்று தொடங்கிய அப்போட்டியில் முதற்பகுதியில் 62 ஓட்டங்கள் எடுத்தார். ஆத்திரேலியா 412 ஓட்டங்களும் இங்கிலாந்து 231 ஓட்டங்களும் எடுத்ததால் இங்கிலாந்து தொடர்ந்தாட நேர்ந்தது. மூன்றாம் நாள் காலை 41 ஓட்டங்களுடன் ஆட்டத்தைத் தொடர்ந்த ரஞ்சித்சிங்ஜி, எர்னி ஜோன்சின் பந்து காதைக் கிழித்த பிறகும் களத்தைவிட்டு அகலாமல், 154 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். தேர்வுப் போட்டியொன்றில் உணவு இடைவேளைக்கு முன் ஒரே காலையில் நூறு ஓட்டங்களுக்கு மேல் சேர்த்த முதல் ஆட்டக்காரர் இவரே. மறுபக்கத்தில் நிலைத்து நிற்க ஆள் இல்லாததால் அணியின் மொத்த ஓட்டங்கள் 305 இல் முடிந்தன. வெற்றிக்கு 125 ஓட்டங்கள் தேவைப்பட்ட ஆத்திரேலியாவை டாம் ரிச்சர்ட்சன் தனியாளாக அச்சுறுத்தினார். ஆயினும் ஆத்திரேலியா 3 இலக்குகளால் வென்றது.

தோல்வியில் முடிந்த அந்தக் காலை ஆட்டம் தெரிவு குறித்த வாதத்தை முடித்துவைத்தது. அதன்பிறகு உடல்நலமோ சொந்த வேலையோ தடுத்தால் அன்றி இவர் இல்லாத இங்கிலாந்து அணியை எவரும் எண்ணவில்லை. அதே ஆண்டு ஆகத்து 22 அன்று, ஹோவ் திடலில் யார்க்சயருக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு ஆட்டப்பகுதிகளிலும் நூறு அடித்தார் (100, ஆட்டமிழக்காமல் 125). ஆண்டு முடிவில் 2,780 ஓட்டங்களுடன், 1871 இல் கிரேஸ் நிறுவிய ஆண்டு மொத்தச் சாதனையைக் கடந்தார். 1897 ஆம் ஆண்டின் விசுடன் துடுப்பாட்டக்காரர்களுள் ஒருவராகத் தெரிவு செய்யப்பட்டார்.

ஆட்டமுறையும் சாதனைகளும்

அக்கால மட்டையாட்டம் பெரும்பாலும் முன்காலை நீட்டி, விலகுபுறமாகப் பந்தை ஓட்டுவதைச் சார்ந்திருந்தது. நேராக வரும் பந்தைக் கால்புறம் திருப்புவது பிழை என்றே பாடம் சொல்லப்பட்டது. ரஞ்சித்சிங்ஜி பந்தை மிகத் தாமதமாக, உடலுக்கு மிக அருகில் விளையாடினார். வேகப்பந்து வீச்சாளரின் வேகத்தையே தம் ஓட்டமாக மாற்றினார். பட்டுச் சட்டையின் கைகளை மணிக்கட்டுவரை பொத்தானிட்டுக்கொண்டு அவர் அடிப்பதை, பலத்தைக் காட்டாத வித்தையாகப் பார்வையாளர் கண்டனர். கீழைநாட்டு மாயம், மந்திரம் என்றெல்லாம் அன்றைய எழுத்தாளர்கள் வருணித்தனர். ஆண்டுக்கணக்கான வலைப்பயிற்சியின் விளைவை மாயம் என்று எழுதியது பாராட்டே ஆயினும், உழைப்பை மறைத்த பாராட்டு.

1897-98 இல் ஸ்டாடார்ட் தலைமையில் ஆத்திரேலியா சென்று, தொண்டை நோயுடன் சிட்னியில் 175 ஓட்டங்கள் எடுத்தார். அதுவரை இங்கிலாந்துக்காரர் ஒருவர் தேர்வுப் போட்டியில் எடுத்த ஓட்டங்களில் அதுவே மிகுதி. தொடரை இங்கிலாந்து 4-1 என இழந்தது. 1897 இல் வெளியான துடுப்பாட்ட வைரவிழா நூல் இவர் பெயரில் வந்தது. அதன் பெரும்பகுதியை எழுத உதவியவர் நண்பரும் சசெக்ஸ் அணித்தோழருமான சி. பி. ஃபிரை.

1899 இல் 3,159 ஓட்டங்கள் எடுத்து, ஒரே பருவத்தில் மூவாயிரத்தைக் கடந்த முதல் ஆட்டக்காரர் ஆனார். அடுத்த ஆண்டில் 3,065. 1899 முதல் 1903 வரை சசெக்ஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். 1901 இல் டான்டனில் சாமர்செட்டுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் எடுத்த 285 இவருடைய மிகுதியான ஓட்டங்கள். 15 தேர்வுப் போட்டிகளில் 989 ஓட்டங்கள் (சராசரி 44.95), 307 முதல்தர ஆட்டங்களில் 24,692 ஓட்டங்கள் (சராசரி 56.37), 72 நூறுகள் என்பது மொத்தக் கணக்கு. தேர்வுப் போட்டிகள் யாவும் ஆத்திரேலியாவுக்கு எதிரானவை. கடைசிப் போட்டி 1902 சூலையில், நூறுடன் தொடங்கிய அதே ஓல்டு டிராஃபர்டில் நடந்தது. அதில் 2, 4 என்று எடுத்தார், இங்கிலாந்து மூன்றே ஓட்டங்களில் தோற்றது.

அரியணை

விபாஜி 1895 இல் இறந்தார். ஜஸ்வந்த்சிங்ஜி வயது நிரம்பி 1903 இல் முழு அதிகாரம் பெற்றார். ரஞ்சித்சிங்ஜி 1898 இல் இந்தியாவில் தம் உரிமைக்காக அலைந்தார்; பலனில்லை. பாட்டியாலா மன்னர் ராஜிந்தர் சிங் போன்ற நண்பர்களின் ஆதரவிலேயே காலம் தள்ளினார். 1906 ஆகத்தில் ஜஸ்வந்த்சிங்ஜி வாரிசின்றிக் காய்ச்சலில் இறந்ததும் நிலைமை மாறியது. போட்டியாளர்கள் இருந்தும் அரசு இவரையே தெரிவு செய்தது. மார்ச்சு 11, 1907 அன்று முடிசூடினார்.

கிடைத்தது பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டிய ஒரு சிறிய நாடு. முதல் சில ஆண்டுகள் மன்னர் பெரும்பாலும் வெளியிலேயே இருந்தார். 1908, 1912 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து சென்று மீண்டும் ஆடினார். கடன்காரர்களின் முறையீடுகள் பிரித்தானிய அலுவலகங்களில் குவிந்தன. முதலாம் உலகப் போரின்போது பிரான்சில் படைப்பணி ஆற்றினார். 1915 இல் விடுப்பில் யார்க்சயரில் பறவை வேட்டையாடச் சென்றபோது மற்றொருவரின் துப்பாக்கிக் குண்டுச் சிதறல் பட்டு வலக்கண்ணை இழந்தார். 1920 இல், 47 வயதில், ஒற்றைக் கண்ணுடன் சசெக்சுக்காக மூன்று ஆட்டங்கள் ஆடி மொத்தம் 39 ஓட்டங்களே எடுத்தார். அந்த ஆட்டங்கள் நடவாமல் இருந்திருக்கலாம் என்று அவருடைய அன்பர்களே கருதினர்.

போருக்குப் பிந்திய ஆண்டுகள் நவாநகருக்கு நல்லவை. கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யென்சின் ஆலோசனையுடன் ஜாம்நகரில் அகன்ற தெருக்கள் அமைந்தன. பேடி துறைமுகம் விரிவாக்கப்பட்டது. அங்குச் சரக்குப் போக்குவரத்துப் பெருகியதால் பம்பாய்த் துறைமுகத்தின் வருவாய் பாதிக்கப்படுவதாகக் கருதிய இந்திய அரசு, 1927 இல் வீரம்காம் சுங்க எல்லையை மீண்டும் விதித்தது. பிரித்தானியர் மீது அளவிறந்த பற்றுடைய இம்மன்னர் பிரித்தானிய அரசோடு நடத்திய நீண்ட வழக்கு இது.

1920 முதல் உலக நாடுகள் சங்கத்தின் கூட்டங்களில் இந்திய மன்னர்களின் சார்பாளராகச் செனீவாவில் அமர்ந்தார். எழுதும் பணிக்கு ஃபிரை உடன் சென்றார். அங்கே அல்பேனியாவின் அரச பதவி தமக்கு வழங்கப்பட்டதாக ஃபிரை பிற்காலத்தில் சொல்லிவந்த கதை தனியே சுவையானது. 1924 இல் அயர்லாந்தில் பாலினாகிஞ்சு மாளிகையை வாங்கி, ஆண்டுதோறும் மீன்பிடிக்கச் சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

1933 மார்ச்சில் தில்லியில் கூடிய மன்னர்கள் மன்றத்திற்கு இவரே தலைவர். கூட்டாட்சித் திட்டத்தின் இடர்களைப் பற்றி இவர் பேசியபோது அரசப் பிரதிநிதி வில்லிங்டன் பிரபு குறுக்கிட்டுப் பேச்சைத் தடுத்தார். வில்லிங்டனும் ஒருகாலத்தில் கேம்பிரிட்ஜுக்கும் சசெக்சுக்கும் ஆடியவர்தாம். சில நாட்களில், ஏப்ரல் 2 அன்று, ரஞ்சித்சிங்ஜி ஜாம்நகரில் மாரடைப்பால் காலமானார். சகோதரர் மகன் திக்விஜய்சிங்ஜி அடுத்த ஜாம் சாகிப் ஆனார். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுக் குழந்தைகளுக்கு அடைக்கலம் அளித்தவர் இவரே.

இந்தியத் துடுப்பாட்டத்துடன் உறவு

இந்திய அணி ஒன்றை உருவாக்கும் முயற்சிகளில் பங்கேற்குமாறு பலமுறை கேட்டும் ரஞ்சித்சிங்ஜி ஒதுங்கியே இருந்தார். 1911 இல் இங்கிலாந்து சென்ற முதல் அனைத்திந்திய அணியில் அவர் இல்லை. அவ்வணியில் புகழ் பெற்றவர், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு. துலீப்சிங்ஜியை இங்கிலாந்துக்கே ஆடுமாறு ஊக்குவித்தவரும் ரஞ்சித்சிங்ஜியே. 1930 இல் இலார்ட்சில் துலீப் ஆத்திரேலியாவுக்கு எதிராக 173 அடித்ததை அவர் நேரில் கண்டார். 1932 இல் அதே இலார்ட்சில் சி. கே. நாயுடு தலைமையில் இந்தியா தன் முதல் தேர்வுப் போட்டியை ஆடியது. துடுப்பாட்டக்காரராகத் தம்மை இங்கிலாந்தின் ஆள் என்றே அவர் கருதினார். இந்திய இரசிகர்கள் இதற்காக அவரைக் குறை கூறியதுண்டு. அதே இரசிகர்கள் அவரைத் தம்மவர் என்று கொண்டாடுவதையும் விடவில்லை.

ரஞ்சிக் கோப்பை

1934 இல் சிம்லாவில் கூடிய இந்தியத் துடுப்பாட்ட வாரியம் மாகாண அணிகளுக்கான போட்டியொன்றைத் தொடங்க முடிவு செய்தது. பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் 500 பவுண்டு மதிப்புள்ள பொற்கோப்பையை மறைந்த நண்பரின் நினைவாக வழங்க முன்வந்தார். அவருக்குப் போட்டியாக விசயநகரத்து இளவரசர் வில்லிங்டன் பிரபுவின் பெயரில் வேறொரு கோப்பையை முன்வைத்தார். விசய ஆனந்த கசபதி ராசு என்னும் இந்த இளவரசரும் "விஸ்ஸி" என்ற சுருக்கப் பெயராலேயே அறியப்பட்டவர். இறுதியில் நிலைத்தது பாட்டியாலாவின் கோப்பை. அதற்கு நவாநகர்க் கோப்பை என்றோ ஜாம் சாகிப் கோப்பை என்றோ பெயரிடவில்லை. ஆங்கிலேய இரசிகர்கள் கூவிய மூன்றெழுத்து ஒலியே போதுமானதாக இருந்தது. 1961-62 இல் தொடங்கிய மண்டலப் போட்டிக்கும் இவ்வாறே "துலீப்" என்னும் குறும்பெயர் சூட்டப்பட்டது.

சென்னையில் இதற்கு முன்பே இத்தகைய முன்னுதாரணம் உண்டு. தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் தந்தை எனப்படும் வெங்கட மகிபதி நாயுடு (1868-1908) இயற்பெயரால் அன்றிப் "புச்சி பாபு" என்றே நினைக்கப்படுகிறார். ஜாம்நகரில் பிறந்த மன்கட்டின் இயற்பெயர் முல்வந்த்ராய். "வினூ" என்பது சிறுவயதுச் செல்லப்பெயர்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நவம்பர் 4, 1934 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கிடையே நடந்தது. முதற்பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். மைசூர் 48, 59 என்று சுருண்டது. சென்னை 130 ஓட்டங்கள் எடுத்து ஓர் ஆட்டப்பகுதி மற்றும் 23 ஓட்டங்களால் அன்று மாலைக்குள்ளேயே வென்றது. ஏ. ஜி. ராம்சிங் இரு பகுதிகளிலும் சேர்த்து 11 இலக்குகளை வீழ்த்தினார். தமிழகம் இக்கோப்பையை 1954-55 இல் சென்னை அணியாகவும் 1987-88 இல் தமிழ்நாடு அணியாகவும் வென்றுள்ளது.

நீண்ட காலம் சென்னை நகரத்தோடு நின்ற இவ்வாட்டங்கள் பின்னர் மாவட்டங்களுக்கும் பரவின. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரித் திடலில் 2019 திசம்பர் 9 முதல் 12 வரை தமிழ்நாடும் கருநாடகமும் மோதின. கிருட்டிணப்பா கௌதம் 14 இலக்குகளைச் சாய்க்க, தமிழ்நாடு 26 ஓட்டங்களில் தோற்றது. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், நத்தம் போன்ற ஊர்களின் இளைஞர்களுக்கு இன்று "ரஞ்சி ஆடியவர்" என்பது ஓர் ஆட்டக்காரரின் தகுதியைக் குறிக்கும் தொடர். அதில் வரும் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பதே பலர் நினைவுக்கு வருவதில்லை.